மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் காட்டிய அருவி

தெரியாது என்று சொல்லத் தெரியாதவனை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளவே கூடாது. எங்கள் வீட்டில் அப்படி ஒருவன் இருந்தான். நான்தான்.

என் தங்கை கவிதாவைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து மாப்பிள்ளை, தன் அப்பா அம்மாவோடு வேங்கிக்காலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். முந்தின நாள்வரை அடைமழை. கேசரி சாப்பிட்டாயிற்று, அப்புறம் யாருக்கும் பேச விஷயமில்லை. கவிதா தரையைப் பார்த்தாள். மாப்பிள்ளை ஃபேனைப் பார்த்தார். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நான் வாயைத் திறந்தேன்.

"இந்த மழைக்கு ஜவ்வாது மலை அருவி சூப்பரா இருக்கும். போலாமா? எனக்கு அங்க ஒவ்வொரு கல்லும் தெரியும்."

(பள்ளிச் சுற்றுலாவில் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். அப்போதும் மலை வளைவுகளில் வாந்தி எடுத்துவிட்டு, பஸ்ஸிலேயே படுத்திருந்தேன்.)

அப்பா கண்ணாலேயே வேண்டாம் என்றார். அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா உற்சாகமாக எழுந்துவிட்டார். வாடகை வேன் பிடித்து, போளூர் வழியாக எல்லோரும் மலையேறினோம்.

அருவிக்குப் போகும் பாதையில் கயிறு கட்டியிருந்தது. பக்கத்தில் வனக்காவலர்.

"தண்ணி ரொம்ப ஜாஸ்திங்க. யாரையும் விடக்கூடாது. திரும்பிப் போங்க."

நல்ல வார்த்தை. கேட்டிருக்கலாம். நானோ, "தூரமா நின்னு பாக்க வேற வழி இருக்குங்க" என்று எல்லோரையும் ஒரு சாமை வயலின் வரப்பில் இறக்கினேன். வரப்பு என்பது மரியாதைக்குச் சொல்வது, முழுக்கச் சேறு. மாப்பிள்ளையின் அப்பாவுடைய இடது செருப்பு அதற்குள் போனது, திரும்பி வரவே இல்லை.

"பரவால்ல தம்பி" என்றார். அந்தப் 'பரவால்ல'யில் தங்கை கல்யாணம் பாதி மூழ்கிவிட்டது.

அப்போதுதான் புதருக்கு அப்பால் 'ஹோ'வென்று இரைச்சல் கேட்டது. எனக்கு உயிர் வந்தது.

"கேக்குதுங்களா? அதான் அருவி! வாங்க, வாங்க!"

புதரை விலக்கிக்கொண்டு கம்பீரமாக முன்னால் போனேன். எதிரே ஒரு தகரக் கொட்டகை, கரும்புகை. சாமை அரைக்கும் மில். கரண்ட் இல்லாததால் டீசல் இன்ஜினில் அலறிக்கொண்டிருந்தது.

தலையெல்லாம் தவிடாக ஓர் அம்மா வெளியே வந்தார். முழங்கால்வரை சேறும் பட்டுப்புடவையுமாக நின்ற எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன அரைக்கணும்?"

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத என் தங்கை பேசினாள்.

"எங்க அண்ணனைத்தாங்க. நைசா அரைச்சிடுங்க."

எங்கள் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். மாப்பிள்ளையோ சிரித்த சிரிப்பில் அங்கிருந்த மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய அம்மா சிரித்தார். ஒற்றைச் செருப்போடு அவருடைய அப்பாவும் சிரித்தார். திரும்பும் வழியெல்லாம் கவிதாவும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டே வந்தார்கள். தலைப்பு நான்தான்.

கல்யாணம் நடந்தது. இப்போது அவர்கள் வீட்டுக்குப் போனால், மிக்ஸி ஓடும்போதெல்லாம் தங்கை மகள் கத்துவாள்: "மாமா, அருவி!"

நான் எழுந்து போய், அண்ணாந்து, ஆச்சரியமாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால்தான் எனக்குச் சட்னி.