நாற்பதடி தள்ளி நின்ற கம்பம்

வாழ்க, வில்ஃபிரிதோ அயாலா! நகரப் பேருந்து அலுவலகத்தின் தடத்திட்டப் பிரிவில் பதினேழாண்டு நாற்காலி காத்த நன்மறவனே, கஞ்சியிட்ட வெள்ளைச் சட்டையே கவசமாகவும் கணக்கெடுப்புத் தாள் செருகிய அட்டையே கேடயமாகவும் காதில் செருகிய பென்சிலே வேலாகவும் கொண்டு, விதிப்புத்தகத்தின் ஓர் எழுத்தையும் கனவிலும் மீறாத கோமானே, உன் ஐந்துநாட் பெரும்போரைச் சொல்லப் புகுந்தேன். ஜனவரி வெயிலே, நான் சொல்லி முடிக்கும்வரை என் நா வறளாமல் விட்டு வை.

ஜனவரியே கடுங்கோடையாகும் அசுன்சியோன் மாநகரின் ஓரத்தே செம்புழுதி பறக்கும் எங்கள் சான் பிளாசிதோ குடியிருப்புக்குத் தடம் 403 என்னும் புதுப் பேருந்துத் தடத்தை வரைந்தவன் இவனே. மூன்று மாத வெள்ளோட்டம் முடியும் தறுவாயில் மேலிடத்து ஆணை இடியென இறங்கிற்று. எங்கள் நிறுத்தக் கம்பத்தடியில், ஐந்து நாளில் ஒரு நாளாவது முப்பது பேர் ஏறியதாகக் கணக்கு வராவிட்டால், பேருந்து பெருஞ்சாலையோடு திரும்பிவிடும். அப்படித் திரும்பினால், ஆஸ்பத்திரி வாசலில் சிப்பா ரொட்டி விற்கும் லிப்ராதா அம்மையார், எங்கள் மரியாதைப் பேச்சில் ஞா லிப்ராதா, தலையில் கூடையும் வீங்கிய முழங்கால்களுமாக இருபத்திரண்டு தெருக்களை மறுபடியும் நடந்தே கடக்க வேண்டும்.

முதல் நாள், வீரன் கம்பத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியிட்டு அமர்ந்தான். பதினொரு பேருந்துகள் செம்புழுதிக் கொடி பறக்க வந்தன. கம்பத்தை ஏறிட்டும் பாராமல் கடந்தன. நாற்பதடி தள்ளி, பரந்து விரிந்து பச்சைக்குடை பிடித்த மாமரத்தடியில் நின்று, அங்கே குழுமியிருந்த எங்களை அள்ளிக்கொண்டு போயின. வரைபடத்தில் தெரு இருந்தது, கம்பமும் இருந்தது. நிழலை யாரும் வரைந்திருக்கவில்லை. கம்பத்தடியில் ஏறியோர் தொகை, பூஜ்ஜியம்.

இரண்டாம் நாள் ஒருவர் ஏறினார். அவரும் வழி தவறிய வெளியூர்க்காரர், தப்பான பஸ் என்று தெரிந்து மாமரத்தடியிலேயே இறங்கிவிட்டார். விதி வழுவா வில்ஃபிரிதோ அவரையும் ஒன்று என்றே எழுதினான். கம்பத்தை இடம் மாற்றலாமா என்று அன்று மாலை அலுவலகத்தைக் கேட்டான். குழு கூட வேண்டும், வரைபடத்தில் புது முத்திரை விழ வேண்டும், ஏழு மாதம் ஆகும் என்றார்கள்.

மூன்றாம் நாள், வியர்வை வெள்ளம் கவசத்தை நனைக்க, பிடரி தக்காளியெனச் சிவக்க, மாமரக் கோட்டைக்குள் தனியனாய்ப் புகுந்து, எண்டிசையும் அதிரத் தன் பிரகடனத்தை முழங்கினான்:

"எல்லாரும் கொஞ்சம் கம்பத்துகிட்ட வந்து நில்லுங்க. இல்லன்னா பஸ்ஸ நிறுத்திருவாங்க."

ஞா லிப்ராதா கூடையை இறக்காமலே கேட்டார்: "அங்க நின்னு வெயில்ல சுருண்டு விழுந்தா, அதையும் ஒரு ஆளா எழுதிக்குவீங்களா சார்?"

மரத்தடியே சிரித்தது. பனிக்கட்டி மிதக்கும் தெரெரே மூலிகைத் தண்ணீரை அவனிடம் நீட்டினோம். கடமை வேளையில் குடிப்பதில்லை என்று மறுத்த அந்த உதடுகள் வெடித்திருந்தன. பார்க்கவே பாவமாக இருந்தது. நாளைக்கு எல்லாரும் வந்து நிற்கிறோம் என்று வாக்குக் கொடுத்தோம்.

நான்காம் நாள் வாக்கைக் காத்தவர் ஞா லிப்ராதா ஒருவரே. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் மரத்தடியில்தான் இருந்தேன். அந்தோ, அவர் கூடையோடு கம்பத்தடியில் நின்று கை காட்ட, ஓட்டுநர் சிரிலோ பதிலுக்கு அன்போடு கையசைத்துவிட்டு மாமரத்துக்கே பேருந்தை விரட்டினான். அம்மையார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்பதடியை ஓடி வந்தார்.

"கம்பத்துல யாரும்மா நிப்பாங்க? சாரோட பேசிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றான் சிரிலோ.

பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வந்த வீரனைப் பார்த்து, படியில் ஏறியபடியே ஞா லிப்ராதா சொன்னார்: "விடுங்க சார். எனக்கு நடந்து பழக்கந்தான்."

மேலிடத்து ஆணைக்கும் நடுங்காத நெஞ்சு அதைக் கேட்டு உடைந்தது. பேருந்து போன பிறகு, புழுதிக்கு நடுவே அந்த நாற்பதடியை அவன் இருமுறை நடந்து அளந்தான்.

ஐந்தாம் நாள் விடிந்தது. என்ன விந்தை! நின்ற இடத்தில் கம்பம் இல்லை; அங்கே ஒரு குழி மட்டும் வாய் பிளந்து கிடந்தது. கம்பமோ மாமரத்தடியில், புதுமண் அணைத்து, சற்றே இடப்பக்கம் சாய்ந்து, முடிசூடிய மன்னனென நின்றது. வானோர் நட்டனரோ, பூதம் பெயர்த்ததோ, மழையே பெய்யாத அந்த ஐந்து நாளில் மழைதான் நகர்த்தியதோ, நாங்கள் அறியோம், கேட்டாலும் சொல்லமாட்டோம். கம்பத்தடியில் ஏறுவோரை எண்ணுக என்பதே விதி. கம்பத்தடியிலேயே எண்ணினான் விதி வழுவாதவன். பதினேழு, முப்பத்தொன்று, நாற்பத்தேழு என எண் ஏற ஏற, அவன் பென்சில் வெற்றி முரசென அட்டையில் தட்டிற்று.

நாற்பத்தேழாவதாக ஏறப்போன ஞா லிப்ராதா, கூடையிலிருந்து சூடான சிப்பா ஒன்றை எடுத்து நீட்டி, அவன் கையைப் பார்த்ததும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"முதல்ல கையக் கழுவுங்க சார். நகமெல்லாம் செம்மண்ணு."

வில்ஃபிரிதோ குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து சிப்பாவை வாங்கித் தின்றான்.