லினக்ஸ் செய்த குற்றம்

உண்மை பேசும் குடும்பங்கள் நாட்டில் அருகி வருவதாகப் பத்திரிகைகள் கவலைப்படுகின்றன. அந்த ஆசிரியர்கள் யாரும் கோவிலம்பாக்கம் பக்கம் வந்ததில்லை. எங்கள் வீட்டில் கணினிகூடத் திருட்டுப் பொருளைத் தொட்டதில்லை. விற்ற கடைக்காரர் ஐம்பது ரூபாய்க்கு 'எல்லாம் அடங்கிய' விண்டோஸ் சிடி ஒன்றை நீட்டியபோது, "எங்க பரம்பரையில திருட்டுச் சாமான் வாங்குற வழக்கம் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். விண்டோஸுக்குப் பதிலாக என் மகள் வினிதா லினக்ஸைப் போட்டாள். இலவசம், ஆனால் கண்ணியமான இலவசம்.

2007-இல் ஒரு வெள்ளிக்கிழமை இந்தக் கண்ணியம் சோதனைக்கு உள்ளானது. மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலை வினிதாவுக்கு வேலை கொடுத்திருந்தது. சேர்வதாக அன்று மாலை ஐந்து மணிக்குள் அவர்களுடைய இணையதளத்தில் ஒப்புதல் தர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. காலையில் நான் படப்பைச் சம்பந்தியை, மூத்த மகளின் மாமனாரை, தொலைபேசியில் அழைத்து, முந்தின நாள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் பத்திரமாக ஊர் சேர்ந்தாரா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இணையம் போய்விட்டதாக வினிதா வந்து சொன்னாள்.

"பிரவுசிங் சென்டர்ல அஞ்சு நிமிஷ வேலைப்பா."

பிளைவுட் தடுப்புக்குள், திரைச்சீலைக்குப் பின்னால், எங்கள் வீட்டுப் பெண்ணா? மறுத்துவிட்டேன். குடும்பத் தலைவர் என்ற முறையில் நானே 'உரிய நடவடிக்கை' எடுத்தேன். இணைய இணைப்பு கொடுத்தவர்களின் சேவை மையத்துக்குப் போன் செய்தேன்.

"ஸ்டார்ட் பட்டனை கிளிக் பண்ணுங்க சார்."

"எங்க வீட்ல அந்த பட்டன் கிடையாதும்மா. லினக்ஸ்."

"ஓகே சார். இப்ப ஸ்டார்ட் பட்டனை கிளிக் பண்ணுங்க."

எத்தகைய பயிற்சி! எந்தச் செய்தியாலும் அசைக்க முடியாத பெண்மணி. 'பண்ணிட்டேன்' என்று சொல்லிவிடும்படியும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் வினிதா பின்னால் நின்று கெஞ்சினாள். இல்லாத பட்டனை அழுத்தியதாகப் பொய் சொல்வதா? சொல்லவில்லை. லைன் துண்டிக்கப்பட்டது.

பதினொரு முறை அழைத்தேன். பதினொரு பெண்மணிகள், ஒரே பட்டன். நடுவில் நான் போனை வைத்தபோதெல்லாம் மோடத்தில் விளக்கு எரிய ஆரம்பிப்பதாக வினிதா சொன்னாள். அந்த நல்ல முன்னேற்றத்தைத் தெரிவிக்க உடனே மையத்தை அழைத்தேன். விளக்கு அணைந்தது.

"கம்ப்யூட்டர் மேல தப்பில்லப்பா. லைன்ல சிக்னல் வரலைன்னு அதுவே சொல்லுது."

திரையில் அப்படித்தான் எழுதியிருந்தது. இலவசமாக வந்ததன் வாக்குமூலத்தை யார் நம்புவார்? போனை வைத்துவிட்டுச் சாப்பிட வரும்படி என் மனைவி பச்சையம்மா மூன்று முறை சொன்னாள். பெண்களுக்குத் தொழில்நுட்பம் புரிவதில்லை.

பன்னிரண்டாவது அழைப்பில் மேலதிகாரியைக் கேட்டுப் போராடினேன். நாலரை மணிக்கு லைன்மேன் துளசிங்கம் வந்தார். கணினியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கூடத்தில் இருந்த போனின் பின்பக்கத்தைத் தடவினார்.

"இங்க ஒரு வெள்ள டப்பா தொங்கிகினு இருக்கணுமே சார். ஃபில்டரு. அது இல்லாங்காட்டி, போன எடுத்தா நெட்டு பூடும், வெச்சா வந்துரும். காலைலேந்து யார்னா போன்லயே இருந்தீங்களா?"

சம்பந்தி வருவதற்கு முன், கூடத்துச் சுவரில் செத்த பல்லிபோல் தொங்கிய ஒரு டப்பாவை, குடும்ப கௌரவத்தை முன்னிட்டு நான்தான் அப்புறப்படுத்தியிருந்தேன்.

"யார் சார் கழட்னது?"

"எலியா இருக்கும்" என்றேன்.

பச்சையம்மா உள்ளே போய்ச் சாவி போட்டுப் பீரோவைத் திறந்து, என் வேட்டிகளுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்து வந்தாள். துளசிங்கம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல எலி சார். பீரோல வெச்சி பூட்டிகீது."

மாட்டினார். விளக்கு எரிந்தது, அணையாமல் நின்றது. ஐந்துக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது வினிதா ஒப்புதல் கொடுத்தாள். துளசிங்கம் புகார்ப் படிவத்தை எடுத்தார்.

"காரணம்னு ஒண்ணு எழுதணும். 'வாடிக்கையாளர் தவறு'ன்னு போடட்டா, 'லினக்ஸ் கோளாறு'ன்னு போடட்டா?"

பரம்பரையை ஒருமுறை நினைத்துக்கொண்டு, இரண்டாவதற்குக் கீழே இனிஷியலுடன் முழுக் கையெழுத்துப் போட்டேன்.

காலை முதல் மாலை வரை எங்கள் வீட்டில் உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லாதது அந்தக் கணினி ஒன்றுதான். குற்றம் இன்றுவரை அதன் பேரில்தான் பதிவாகியிருக்கிறது.