ரியூப்பைக் கடித்த நாகம்

நிலாவெளி வீதியில் என் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நின்ற சனத்தைப் பார்த்திருந்தால், அரசாங்கம் எதையோ இலவசமாகக் கொடுக்கிறது என்றுதான் நினைத்திருப்பீர்கள். இல்லை ஐயா, சனம்தான் கொடுக்க வந்திருந்தது. வாங்க வந்தவர் ஒரே ஒருவர். நாகவாயுச் சுவாமிகள் என்று பெயர். மோட்டார் சைக்கிள் ரயருக்குள் புகுந்துவிட்ட நாகதோஷத்தை மந்திரக் காற்றடித்து விரட்டுவது அவருடைய திருப்பணி. சிரிக்காதீர்கள். அந்த வரிசையில் ஒரு கணித ஆசிரியரும் நின்றார்.

கதையை முதலிலிருந்து சொல்லுகிறேன். எங்கள் பக்கத்துப் பொடியன்களிடம் மேடுபள்ளம் ஏறும் உயரமான ட்ரெயில் பைக்குகள் இருக்கின்றன. கடற்கரை மணலில் ஓடி, அப்படியே கறுப்புப் பாறையில் ஏறி இறங்குவது அவர்களுடைய வீரம். அதற்கு ‘கடற்காகம்’ என்று ஒரு கழகம். தலைவர் ஆனந்தராசா. காப்புறுதி முகவர், ஒருநாளும் பைக் ஓடாதவர், ஆகவே தலைவர்.

இந்த வருடம் ஒருவன் போனில் ஒரு வீடியோ பார்த்தான். பாலைவனத்தில் ஓடுகிறவர்கள் ரயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு ஓடுகிறார்களாம். அது உண்மைதான், காற்றுக் குறைந்த ரயர் மணலில் புதையாது. ஆனால் பாலைவனத்தில் கறுப்புப் பாறை இல்லை. எங்கள் வீரர்கள் கடற்கரையில் காற்றை இறக்கினார்கள், இறக்கினபடியே பாறையிலும் ஏறினார்கள். அந்தக் கிழமையிலிருந்து ரயருக்குள் இருக்கும் ரியூப்புகள் ஓட்டையாகிப் போகத் தொடங்கின. கழற்றிப் பார்த்தால் ஆணியும் இல்லை, முள்ளும் இல்லை. ஒரு விரல் இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள். எல்லா ரியூப்பிலும் அதே இரண்டு.

ஒட்டுப் போட எல்லாரும் தர்சிகாவிடம்தான் வந்தார்கள். என் கடைக்கு எதிர்ப்பக்கம், சந்தியில், நாலு தடியும் கொஞ்சத் தகரமுமாக அவளுடைய ரயர்க் கடை. புருஷன் கட்டாருக்குப் போய், இப்போது குரல் செய்தி மட்டும் அனுப்புகிறான். இரண்டு பெண்பிள்ளைகளின் சாப்பாடும் படிப்பும் அந்தக் கம்பிரசரில்தான் ஓடுகிறது. வந்தவர்கள் எல்லாருக்கும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள். காற்றுக் குறைந்தால் கல்லில் மோதும்போது ரயர் றிம்வரைக்கும் நசியும், நடுவில் அகப்பட்ட ரியூப் இரண்டு இடத்தில் வெட்டுப்படும், மணல் முடிந்ததும் காற்றடித்துவிட்டுக் கல்லில் ஏறுங்கள் என்றாள். இந்தப் புத்திமதிக்கு அவள் ஒரு சதமும் கேட்கவில்லை. அதனால்தான் ஒருவனும் எடுக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் ஆனந்தராசா பேஸ்புக்கில் சுவாமிகளைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். வெள்ளை வான் வண்டி, காவி வேட்டி, கறுப்புக் கண்ணாடி, கையில் பித்தளை நாகபடம் வைத்த தடி. சுவாமிகள் ஒரு ரியூப்பை வாங்கி அந்த இரண்டு ஓட்டைகளையும் தடவினார். கண்ணை மூடினார். “பல் தடம்” என்றார். கூட்டம் அப்படியே ஒடுங்கிப் போனது. அதுவரை ஓட்டையாக இருந்தது அந்த நிமிடத்திலிருந்து கடியாகிவிட்டது.

வைத்திய முறை இது. முதலில் தடியின் நாகவாயை ரயர் வால்வில் வைப்பார். உள்ளே இருக்கும் நாகம் ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறும். கேட்டவர்கள் தலைக்கு மேல் கை குவிப்பார்கள். பிறகு மல்லாத்தி வைத்த ஹெல்மெற் ஒன்றில் காணிக்கை. பிறகு வான் வண்டிக்குள் இருக்கும் கம்பிரசரால் மந்திரக் காற்று. கடைசியாக வால்வில் மஞ்சள் நூல் சுற்றிச் சந்தனம் அப்பி, நாற்பத்தெட்டு நாள் திறக்கக்கூடாது, திறந்தால் நாகத்தின் வாயைத் திறந்த பாவம் என்பார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது வேலை செய்தது. நூல் கட்டின பைக்குகளை நாகம் தீண்டவில்லை. சீறலை மட்டும் கேட்டுவிட்டு, காணிக்கை போடாமல் நழுவினவர்களின் ரயர் பின்னேரத்துக்குள் கடிபட்டது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? குறிஞ்சாக்கேணியிலிருந்து பஸ்லான் வந்தான், கழகத்தின் முதல்தர ஓட்டக்காரன். வாப்பாவுக்குத் தெரியாமல் நூல் கட்டிக்கொண்டு போனான். இன்னொரு ஓட்டக்காரன் றிக்சன், ஹாண்டிலில் செபமாலையும் வால்வில் மஞ்சள் நூலுமாக ஓடினான். கேட்டால், இரண்டும் இருக்கட்டும் என்றான்.

நான் மட்டும் பெரிய ஞானி என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டம் பெருகப் பெருக என் பால் தேத்தண்ணியும் பெருகியது. ஆகவே இராகுலன் ஆகிய நான் வாயை மூடிக்கொண்டு சீனி கரைத்தேன். போதாததற்கு என் துவிச்சக்கர வண்டியையும் ஒருநாள் நீட்டினேன். அதற்கும் இலேசான தோஷம் இருந்ததாம்.

மூன்றாம் கிழமை சுவாமிகள் தோஷத்தின் வேரைக் கண்டுபிடித்தார். சந்தியிலிருந்த நாகப்புற்றை இடித்துத்தான் ஒரு பெண் கடை போட்டிருக்கிறாள், அவள் அடிக்கும் காற்றில் நாகத்தின் கோபம் ஊருக்கெல்லாம் பரவுகிறது என்றார். வெள்ளிக்கிழமைக்கு முன் கடை அந்த இடத்தைவிட்டு அகல வேண்டும், அதே இடத்தில் நாகவாயு நிலையம் ஒன்று வரவேண்டும் என்பது உத்தரவு. கழகம் ஏகமனதாகத் தீர்மானம் எடுத்தது. தர்சிகாவின் கடைக்கு அதற்குப் பிறகு ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை.

வியாழக்கிழமை அவள் என்னிடம் வந்தாள்.

“அண்ணை, நான் வர முதல் அந்த இடத்தில புத்து இருந்ததோ? நீங்கள் இருவது வருசமா எதிர்ல இருக்கிறியள்.”

“நான் கவனிக்கேல்லப் பிள்ளை” என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அன்று எட்டுப் போத்தல் பால் முடிந்திருந்தது. வெட்கம் கெட்டவன் நான்.

வெள்ளிக்கிழமை காலையில் கடையை இடிக்க அலவாங்குகளோடு கழகம் வந்தது. பின்னால் சனம். சனத்துக்குப் பின்னால், கதிரையில், சுவாமிகள். தர்சிகா அழவில்லை, காலில் விழவில்லை. கடை வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

“தோஷம் என்ர காத்தில எண்டுதானே சொல்லுறியள். பஸ்லான்ர பைக்குக்கு என்ர காத்தை அடிக்கிறன். பாறையில மூண்டு தரம் ஏத்தட்டும். பாம்பு கடிச்சால் தகரத்தை நானே கழட்டுறன்.”

கறுப்புப் பாறை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. பார்க்க ஒரு கூத்துக் கிடைத்தால் வேண்டாம் என்கிற சனமா? நடக்கட்டும் என்றார்கள். சுவாமிகளால் மறுக்க முடியவில்லை.

பஸ்லானின் பின் ரயரிலிருந்த மந்திரக் காற்றை அவள் முழுதாக இறக்கினாள். தன் கம்பிரசரால் அடித்தாள். காற்றளக்கும் மீற்றரை வைத்து, ஆனந்தராசாவைக் கூப்பிட்டு, இலக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். அவர் வாசித்தார், இருபத்திரண்டு.

அப்போது சுவாமிகள் எழுந்தார். “நாகத்தின் குரலைக் கேட்காமல் அனுப்பக்கூடாது” என்று சொல்லித் தடியை வால்வில் வைத்தார். நாகம் சீறியது. சீறியது, சீறிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்துக்குள் நான் இரண்டு தேத்தண்ணி ஆற்றியிருப்பேன்.

தர்சிகா மறுபடியும் மீற்றரை வைத்தாள். ஆனந்தராசா குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். பன்னிரண்டு.

“தலைவர், மிச்சம் பத்தும் எங்க போட்டுது?” என்று அவள் கேட்டாள்.

தலைவர் சுவாமிகளைப் பார்த்தார். சுவாமிகள் வானத்தைப் பார்த்தார். “காற்றைப் புசிப்பதுதானே நாகம். அருந்திவிட்டது” என்றார். அதற்கும் ஒரு ஐந்தாறு பேர் கும்பிட்டார்கள் என்பதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. திரும்ப இருபத்திரண்டு அடித்தாள், இனி ஒருவரும் தொடக்கூடாது என்றாள். பஸ்லான் பாறையில் ஏறினான், இறங்கினான். இரண்டாம் தரம், மூன்றாம் தரம். ரயர் கல்லுப்போல நின்றது. சாபம் பிடித்த காற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. சனம் முணுமுணுக்கத் தொடங்கியது.

இனிச் சுவாமியின் காற்று என்றாள் தர்சிகா. வேறு வழியில்லாமல் சுவாமிகள் மந்திரம் சொல்லி, வான் கம்பிரசரால் அடித்து, நூலும் கட்டினார். அவள் அளந்தாள். அதுவும் இருபத்திரண்டுதான். பிறகு நூலை அறுத்து, பன்னிரண்டுக்கு வரும்வரை காற்றை இறக்கினாள். தன்னுடைய காற்றில் பாம்பு குடித்த அளவுதான் இது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றாள். அதே பைக், அதே பாறை, அதே பஸ்லான். முதல் தரம் இறங்கும்போதே ‘டக்’ என்று ஒரு சத்தம். பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

எல்லாரும் பார்க்க அவள் ரியூப்பை இழுத்து எடுத்து உயர்த்திப் பிடித்தாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள்.

“விரதத்தை முறித்தாள்! வால்வைத் திறந்தாள்!” என்று சுவாமிகள் கத்தினார்.

“ஓம், திறந்தனான்” என்றாள் தர்சிகா. “திறந்தால் காத்துக் குறையும், குறைஞ்சால் கல் கடிக்கும். இதைத்தான் நான் முதல் நாளே சொன்னனான். நீங்களும் அதுக்குத்தானே நூல் கட்டுறியள். அப்ப என்ர காத்தைத் திறந்தது ஆர்? அந்தத் தடியின்ர வாயை ஒருக்காக் காட்டுங்கோ.”

சுவாமிகள் தடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கப் போய் அவருக்குப் பின்னால் நின்றவன் நான். வியாழக்கிழமைப் பார்வை இன்னும் என் நெஞ்சில் குத்திக்கொண்டு இருந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தடியைப் பறித்தேன். பித்தளை நாகபடத்தைத் திருகினேன். போத்தல் மூடிபோலக் கழன்றது. உள்ளே தர்சிகாவின் கையிலிருந்த அதே சாதி மீற்றர். பக்கத்தில் வால்வை அமத்திக் காற்றை வெளியே விட ஒரு சின்னக் கம்பி. காணிக்கை போடாதவர்களை நாகம் எப்படித் தேடிப்போய்க் கடித்தது என்று இப்போது கணித ஆசிரியருக்கும் விளங்கியது.

“புத்துக் கதையையும் சொல்லிப்போடுறன்” என்று நான் சனத்தைப் பார்த்துச் சொன்னேன். “அந்த இடத்தில இருந்தது குப்பைத் தொட்டி. தேயிலைச் சக்கையும் தேசிக்காய்த் தோலும் கொட்டினது நான்.”

பஸ்லான் வானின் கதவைத் திறந்தான். புதுப் பெயின்ற் மணக்கும் பெயர்ப் பலகை ஒன்று கிடந்தது. ‘நாகவாயு ரயர் நிலையம்’. கீழே உரிமையாளர் பெயர், தொலைபேசி இலக்கம் எல்லாம் இருந்தன. பேஸ்புக்கில் சுவாமிகளின் அருள்வாக்குக்கு எடுக்க வேண்டிய இலக்கமும் அதுதான். வான் புறப்பட்ட வேகத்தில் கதிரை உடைந்தது. ஹெல்மெற்றில் காணிக்கை போட்டவர்கள் பாய்ந்து எடுத்தார்கள். போடாதவர்களும் எடுத்தார்கள்.

இத்தோடு ஊருக்குப் புத்தி வந்தது என்று முடிக்க எனக்கும் ஆசைதான். என்ன நடந்தது தெரியுமா? ஆனந்தராசா, சுவாமிகளுக்கு வாங்கிய மாலையைக் கொண்டுவந்து தர்சிகாவின் கம்பிரசருக்குப் போட்டார். தேங்காய் ஒன்று உடைத்தார். சக்தி உன் கையில்தான் பிள்ளை என்று கண் கலங்கினார். அவருக்குப் பின்னால் மளமளவென்று வரிசை நின்றது. அவள் கையாலேயே மீற்றர் வைக்க வேண்டுமாம். கைராசியாம்.

தர்சிகா மாலையைக் கழற்றி, வீதியில் நின்ற மாட்டின் முன்னால் போட்டாள். மீற்றரை ஆனந்தராசாவின் கையில் திணித்தாள்.

“நீங்களே அளந்து பாருங்கோ. எவ்வளவு காத்து அடிக்கலாம் எண்டு ரயரிலயே எழுதிக் கிடக்கு. நாகத்தைத் தேடின கண்ணுக்கு அது தெரியேல்ல. இனி ஆரும் வந்து தடியை நீட்டினால், கும்பிட முதல் அதின்ர வாய்க்குள்ள என்ன இருக்கெண்டு பாருங்கோ.”