சீட்டு மெத்தைப் பெரும்போர்

வாழ்க, மனித உடம்பில் புலவர் எவரும் பாடாது விட்ட பின்னங்கமே, வாழ்க! கண்ணைப் பாடினார்கள், காலைப் பாடினார்கள், வாளேந்திய கையை வாய் ஓயாமல் பாடினார்கள். ஆனால் கடலோரச் சாலையின் குண்டும் குழியும் கொடுத்த அடி அத்தனையையும் முதல் ஆளாக வாங்கி, முழுதாக வாங்கி, முனகாமல் சுமந்துவந்த உன்னைத் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. அக்குறை தீர, உன் பொருட்டுப் போர் புரிந்த ஒரு மாவீரனையும், அவனுக்குச் சற்றும் சளைக்காத அவன் மனைவியையும் இன்று பாடத் துணிந்தேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கத்தரிக்கோல் ஏந்திய கரத்தினன். சீப்புப் படை நடத்திச் சிக்கெடுத்த செம்மல். ஊரில் பாதிப் பேரைத் தன் முன்னே தலைகுனிந்து உட்கார வைத்த தனிப்பெரும் தலைவன். இவன் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். அவளோ, மலைப்பாம்பு போல் நீண்ட பேருந்தை முட்டுச்சந்தில் ஒரே மூச்சில் திருப்பும் திண்தோளாள். ஒற்றை ஹாரன் முழக்கத்தால் லாரிக் கூட்டத்தை ஓரங்கட்டிய வீராங்கனை. நகரப் பேருந்தின் ஓட்டுநர். இவ்விருவரும் 'இந்த வயசுல இதெல்லாம் தேவையா?' என்று இருபக்கத்துச் சொந்தமும் சேர்ந்து இரைந்ததைக் காற்றில் விட்டு, ஆளுக்கொரு சைக்கிளில், வாரக்கணக்கில் கடலை ஒட்டியே மிதித்து வந்து, கடைசி நாளின் காலையை அடைந்திருந்தார்கள். மாலைக்குள் கலங்கரை விளக்கத்தைத் தொட்டுவிட்டால் பயணம் முடிந்தது.

இவர்களிடம் ஓர் அரியணை இருந்தது. சைக்கிள் சீட்டின்மேல் மாட்டுகிற, உள்ளே கொழகொழவென்று ஏதோ அடைத்த, கறுப்பு மெத்தை. புறப்படும்போது இரண்டாக இருந்ததில் ஒன்றை முதல் வாரமே, கழுவிக் காயப்போட்ட இடத்திலிருந்து கடற்காற்று கவர்ந்துகொண்டது. மிஞ்சிய ஒன்றுக்காக அன்றே ஓர் உடன்படிக்கை செய்தார்கள்: ஒரு நாள் அவனுக்கு, மறுநாள் அவளுக்கு. மெத்தையில்லாத நாள் எப்படிப்பட்டது என்பதை நான் வருணிக்கப் போவதில்லை, பட்டவர்களுக்குத் தெரியும். ஆயினும் அந்த உடன்படிக்கையை இருவரும் ஒரு நாளும் மீறியதில்லை.

விதி மழையாக வந்தது. முந்தைய நாள் அவன் முறை. விடிந்ததிலிருந்து பெய்த மழையில் சைக்கிளைத் தொடவே முடியாமல் விடுதி அறையில் முடங்கினார்கள். நம் தலைவன் சும்மா இருந்தானா? மெத்தையைக் கழற்றிக் கொண்டுவந்து, மர நாற்காலியில் போட்டு, அதன்மேல் அமர்ந்து, நாள் முழுக்க மழையை வேடிக்கை பார்த்தான். கடைசி நாளின் காலையில் வெயில் அடித்தபோது, அதே மெத்தையை எடுத்துப் போய்த் தன் சைக்கிளில் மாட்டினான்.

அவள் இடுப்பில் கை வைத்து வாசலை மறித்தாள்.

"நேத்து உங்க முறை. இன்னைக்கு என்னோடது."

"நேத்து நாம சைக்கிளே ஓட்டல. ஓட்டாத நாள் கணக்குல வராது."

"ஓட்டல சரி. உக்காந்தீங்களா இல்லையா?"

நம் வீரன், தோற்கும் படைகள் காலங்காலமாகச் செய்வதுபோல், போரை வேறு களத்துக்கு மாற்றினான். "நீ வருஷம் முழுக்க உக்காந்து வேலை பாக்கறவ. உனக்குப் பழகிப்போச்சு. நான் நாளெல்லாம் நிக்கறவன். எனக்கு இது புதுசு."

"உக்காந்து உக்காந்துதான் எனக்கு மிச்சமே இல்லாம தேஞ்சு கெடக்கு," என்றாள் அவள்.

மண்ணாசையால் மூண்ட போர்களை உலகம் கண்டிருக்கிறது. மெத்தையாசையால் மூண்ட போரை அன்றுதான் கண்டது. அவன் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்த கணத்தில் மெத்தை அவள் வண்டிக்குக் குடிபெயர்ந்தது. அவள் தண்ணீர் பிடிக்கப் போன கணத்தில் அவன் வண்டிக்கு மீண்டது. முதல் பாலத்தில் அவள் கையில், மீன் சந்தையில் அவன் கையில், உப்பங்கழி ஓரத்தில் மறுபடி அவள் கையில் என்று அது ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. வலியைவிட அவளைச் சுட்டது வேறொன்று. இத்தனை வாரம் நேர்மையாக இருந்த மனுஷன், கடைசி நாளில் போய் இப்படிப் பண்ணுகிறாரே என்று அவளுக்கு உண்மையாகவே மனசு விட்டுப்போயிருந்தது.

நடுப்பகலில் சாலையோரத் தேநீர்க் கடையில் போர் உச்சம் தொட்டது. அவள் மெத்தையை பிளாஸ்டிக் நாற்காலியில் இட்டு அதன்மேல் கோட்டைபோல் அமர்ந்திருக்க, அவன், "உன் டயர்ல காத்து எறங்கின மாதிரி இருக்கே," என்று ஒரு மாய அம்பை எய்தான். அவள் எழுந்தாள். அவன் பாய்ந்தான். அவள் திரும்பி மறுமுனையைப் பற்றினாள். இருவரும் இழுத்த இழுப்பில் மெத்தை சப்பாத்திமாவுபோல் நீண்டது. கடைக்கார அம்மாள் வந்து அதைப் பிடுங்கி, கல்லாப்பெட்டி மேல் வைத்தாள்.

"ரெண்டு பேரும் முதல்ல டீயைக் குடிங்க. ஆறிப்போவுது."

குடித்தார்கள். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே குடித்தார்கள். பிறகு அவன் முகம் கழுவக் கொல்லைப்புறம் போனான். அவள், சந்தேகம் தீராமல், டயரை அழுத்திப் பார்க்கச் சாலைப்புறம் போனாள். அந்த இடைவெளியில், காலையிலிருந்து இடுப்பு வலியால் துடித்துக்கொண்டிருந்த கடைக்கார அம்மாள், சும்மா கிடந்த மெத்தையை எடுத்துத் தன் முக்காலியில் போட்டு, மெல்ல உட்கார்ந்து, கண்களை மூடி, "அப்பாடா," என்றாள். அறிக உலகமே, இரு பேரரசுகள் மோதிய வேளையில் மூன்றாவது ஒருத்தி முடிசூடிக்கொண்டாள்! அவள் புடவைக்கு அடியில் மெத்தை முழுதாக மறைந்தது. அப்படியொரு சுகத்தில் வேறெதுவும் அவள் நினைவில் நிற்கவில்லை.

அவன் திரும்பி வந்து கல்லாப்பெட்டியைப் பார்த்தான், காலி. எடுத்துப் பைக்குள் ஒளித்துவிட்டாள் என்று முடிவுகட்டினான். அவளும் வந்து பார்த்தாள், காலி. பைக்குள் அமுக்கிவிட்டார் என்று முடிவுகட்டினாள். கேட்டால் தோற்றதாகிவிடும் என்று இருவரும் வாயைத் திறக்காமல் வண்டியேறினார்கள்.

அதன்பின் நடந்ததைச் சொல்ல என் நாக்கு கூசுகிறது. பச்சைப் பாறை போன்ற இரண்டு மொட்டைச் சீட்டுகளின்மேல், இரண்டு தியாகிகள், இரண்டு புன்னகைகளை முகத்தில் ஆணியடித்து மாட்டிக்கொண்டு மிதித்தார்கள். பாலத்து இணைப்புகள் தடக் தடக்கென்று எண்ணி எண்ணி அடித்தன. அவள் பாட்டு முணுமுணுத்தாள், வலித்த இடத்தில் மட்டும் சுருதி ஏறியது. அவன் எழுந்து நின்று மிதித்து, "நின்னா கடல் நல்லா தெரியுது," என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னான். இறங்கி ஓய்வெடுக்கலாம் என்று சொல்ல இருவருக்குமே ஆசை, இருவருக்குமே வீம்பு.

அந்தியில் எதிர்க்காற்று எழுந்தது. அவன் திணறுவதைக் கண்ட அவள், முன்னே போய், காற்றைத் தன் மேல் வாங்கிக்கொண்டு மிதித்தாள். அவன் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தான். வியர்த்து, வளைந்து, பிடிவாதமாக முன்னேறுகிற முதுகு. அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. இவளிடம் போய் ஒரு துண்டு மெத்தைக்கு வக்கீல் வாதம் பேசினோமே என்று வெட்கமாக இருந்தது.

கலங்கரை விளக்கத்தின் அடியில் இருவரும் வண்டியை நிறுத்தினார்கள். வென்றோம் என்று கூவ யாருக்கும் தெம்பில்லை. அவன் தொண்டையைச் செருமி, வாழ்நாளின் மிகப் பெரிய பிரகடனத்தை வெளியிட்டான்.

"நேத்து என் முறை முடிஞ்சுபோச்சு. இன்னைக்கு உன்னோடதுதான். நீ மெத்தையை எடுத்துக்கிட்டதுல எனக்கு வருத்தமே இல்ல."

அவள் அவனைப் பார்த்தாள். "நான் எங்க எடுத்தேன்? நீங்கதானே எடுத்து ஒளிச்சு வச்சீங்க. வயசான காலத்துல பாவம், போகட்டும்னு நானே விட்டுட்டேன்."

இருவரும் ஒரே நேரத்தில் இறங்கி, ஒரே நேரத்தில் எதிராளியின் பையைப் பார்த்தார்கள். பைகளைக் கவிழ்த்தார்கள். ஈரத் துண்டும், பஞ்சர் ஒட்டும் டப்பாவும், நசுங்கிய வாழைப்பழமும் விழுந்தன. மெத்தை மட்டும் விழவில்லை.

"டீக்கடைக்குப் போய் எடுத்துட்டு வரலாமா?" என்றாள் அவள்.

"எதுல? சைக்கிள்லயா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனுக்கும் வந்தது. சிரித்தால் இன்னும் வலித்தது. வலித்ததில் இன்னும் சிரித்தார்கள். மனசில் இருந்த கசப்பு அத்தோடு போய்விட்டது.

இங்ஙனம் கடலளந்து, காற்றளந்து, தங்கள் வீம்பின் ஆழத்தையும் அளந்து முடித்த அப்பெருந்தம்பதி, வெற்றி விருந்துண்ணக் கரையோர உணவு விடுதியொன்றினுள் கைகோத்து நுழைய, அவர்தம் களைப்பைக் கண்டு உள்ளம் உருகிய பரிமாறுபவர் விரைந்து வந்து, இருப்பதிலேயே உறுதியான இரண்டு மர நாற்காலிகளைத் தேர்ந்தெடுத்து, தோளிலிருந்த துண்டால் தூசி போகத் துடைத்து, கடல் நன்றாகத் தெரியும் ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, அரசருக்குச் செய்யும் மரியாதையோடு இரு கையாலும் சுட்டி, "உக்காருங்க சார், உக்காருங்க மேடம்," என்று அழைத்தார்.

இரண்டு பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.