பூதத்தான் சாமியும் சிவந்த தண்ணீரும்

தாராவியில் குழாயில் தண்ணீர் வருவதே அதிசயம். அந்தத் தண்ணீர் குறியும் சொல்கிறது என்றால் கூட்டம் சும்மா இருக்குமா? நீர்முகச் சித்தர் பூதத்தான் சாமி வந்து இறங்கியதும் சந்து முழுக்கச் சொம்பும் கையுமாக வரிசை. முலுண்டிலிருந்து லோக்கல் ரயிலில் பிதுங்கி வந்தவர்களும் உண்டு. அவர்கள் படித்தவர்கள், பாட்டிலில் கொண்டுவந்தார்கள்.

சாமி நம் வீட்டுத் தண்ணீரில் மஞ்சள்பொடி தூவி, கண்ணை மூடி விரலால் கலக்குவார். மஞ்சளாகவே இருந்தால் வீடு சுத்தம். சிவந்தால் செய்வினை. யார் வீட்டுத் தண்ணீர் சிவக்கும்? நல்ல சேலை கட்டி வந்தவள் வீட்டுத் தண்ணீர்தான்! அப்புறம் எலுமிச்சம்பழம் பிழிவார். சிவப்பு போய்விடும். கூடவே ஒரு மோதிரமோ மூக்குத்தியோ போய்விடும்.

வரிசையில் முதல் ஆள் தங்கமயில். கல்யாணமானதிலிருந்து மகன் இசக்கிராஜுக்கு வயிறு சரியில்லை. சயான் ஸ்டேஷன் வாசலில் தினமும் பானிபூரி தின்பவன் வயிறு வேறு எப்படி இருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கத்தான் சாமி இருக்கிறாரே! சொம்பு சிவந்தது.

"வடக்கேயிருந்து வந்தவ கொண்டாந்த வினை. எலுமிச்சைக்கு அடங்காது தாயே, ஆளையே திருப்பி அனுப்பிரு" என்றார் சாமி.

மருமகள் ஸ்ரீதேவி வந்தது தாராவிக்கு வடக்கே டோம்பிவிலியிலிருந்து. போதாதா? தங்கமயில் அவள் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாள். இசக்கிராஜ் அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், கடைசியில் செல்போனைப் பார்த்தான். ஸ்ரீதேவி அழுதாள். அழுது முடித்துவிட்டு, போகுமுன் ஊர் முன்னால் இன்னொரு தடவை தண்ணீரைப் பார்த்துவிடலாம் என்றாள். அவமானப்படப் போகிறவள் அவள்தானே என்று தங்கமயிலும் துள்ளிக் கிளம்பினாள்.

ஸ்ரீதேவி ஒரே சொம்புத் தண்ணீரை இரண்டு டம்ளரில் ஊற்றி, இரண்டிலும் சாமியின் மஞ்சளையே போட்டாள்.

"இத சாமி கலக்கட்டும். இத நீங்க கலக்குங்க அத்தை. வினை தண்ணியில இருந்தா ரெண்டும் செவக்கணும்லா?"

சாமி கலக்கியது சிவந்தது. தங்கமயில் கலக்கினாள், கலக்கினாள், கை கடுக்கும்வரை கலக்கினாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. சித்தர் விரலில் சக்தி இருக்கிறது என்று சமாளித்த சாமிக்குக் காலை வேளையிலேயே வியர்த்தது.

பக்கத்தில் தம்பாக்குப் புகையிலையைச் சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கிக்கொண்டு நின்ற தங்கபாண்டி அண்ணாச்சியிடம் துளி சுண்ணாம்பு வாங்கி, அத்தையின் டம்ளரில் கரைத்தாள் ஸ்ரீதேவி. ரத்தச் சிவப்பு!

"கல்யாணத்தன்னைக்கு எனக்கு ஆரத்தி கரைச்சது ஆரு அத்தை?"

தங்கமயிலுக்குச் சுருக்கென்றது. சந்தில் யார் கல்யாணமானாலும் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்து ஆரத்தி எடுப்பவள் அவள்தான். சுண்ணாம்பு காரம்; மஞ்சளைச் சிவக்க வைக்கும். எலுமிச்சை அமிலம், சிவந்ததைத் திரும்ப மஞ்சளாக்கும். இதில் சித்தர் எங்கே வந்தார்? வெட்கமும் ஆத்திரமுமாகச் சாமியின் கையைப் பிடித்துத் திருப்பினாள். நீண்ட நகத்துக்கு அடியில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு.

மோதிரம் போனவள், மூக்குத்தி போனவள் எல்லாரும் சாமியைச் சூழ்ந்துகொண்டார்கள். தங்கமயில் அங்கே நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடி, வாசலில் இருந்த பெட்டியைத் தானே உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

தன் கையால் சிவக்க வைத்த ஆரத்தித் தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு, எவனோ சிவக்க வைத்ததைக் கும்பிட்ட ஊர் இது. கும்பிடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? அதற்கு முன்னால் அந்தக் கையால் ஒரு தடவை கலக்கிப் பாருங்கள்.