இன்னும் ஒரே ஒரு போல்ட்

பழைய பாய்மரப் படகு வாங்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கடலுக்குப் போக வாங்குகிறவர்கள் முதல் வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்கள் கடலில் இருக்கிறார்கள். இரண்டாம் வகை படகுத்துறையிலேயே இருக்கிறது. காலையில் போனால் ஒரு ஜோடிக் கால்கள் மட்டும் தெரியும்; மிச்சமெல்லாம் படகின் ஏதோ ஒரு பொந்துக்குள் இருக்கும். அந்தக் கால்களிடம் நலம் விசாரித்துப் பாருங்கள். "இன்னும் ஒரே ஒரு போல்ட்தாங்க!" என்று பொந்து பதில் சொல்லும். நாலு வருடமாக அதே போல்ட்டா என்று கேட்டுவிடாதீர்கள். மனிதர் நொந்துபோவார்.

நம்மவருக்குத் துறையில் 'கேப்டன்' என்று பெயர். வைத்தவர்கள் சிரித்துக்கொண்டே வைத்தார்கள், அவர் சிரிக்காமலே ஏற்றுக்கொண்டார். அலுவலகத்துக்குப் போகும்போதும் பின்பாக்கெட்டில் அழுக்குத் துணி ஒன்று தொங்கும். வீட்டில் ஜாம் தீர்வதற்குள் பாட்டில் பறிபோய், அளவுவாரியாகத் திருகாணிகள் குடியேறிவிடும். 'ஒழுகுகிறது' என்ற சொல் மட்டும் அவர் வாயில் வராது. "கொஞ்சம் ஈரம் காட்டுது" என்பார்.

அந்த ஈரம் படகின் உள்ளறையில் படுக்கைக்கு நேர் மேலே, தலையணையின் நட்டநடுவில் காட்டியது. தண்ணீர் சொட்டுகிற இடம்தான் ஓட்டை என்பது இந்த இனத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. அங்கே பசை அப்புவார். அடுத்த மழைக்கு ஒரு சாண் தள்ளிச் சொட்டும். அங்கேயும் அப்புவார். உள்கூரை அம்மை வந்து ஆறின முகம் மாதிரி ஆகிவிட்டது. "என் கல்யாண வாழ்க்கையில பாதி டார்ச் பிடிச்சே போச்சு" என்பார் அவர் மனைவி, டார்ச்சைப் பிடித்துக்கொண்டே.

இப்படியே போயிருக்கும். ஆனால் மகளுக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விமானம்.

"அப்பா, சனிக்கிழமை நம்ம படகுல, கடலுக்குள்ள நிக்குதே அந்தக் கலங்கரை விளக்கத்தை ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்பா. நான் திரும்பி வர மூணு வருஷமாகும்" என்றாள். அவள் படகோட்டக் கற்றுக்கொண்டது தோழியின் படகில். சொந்தப் படகுதான் அசைவதில்லையே!

"கண்டிப்பா! அதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிடுறேன்" என்றார் கேப்டன். அவள் கேட்டது பயணம். அவர் காதில் விழுந்தது வேலைக்கான கெடு.

வியாழக்கிழமை மச்சினன் வந்தான். வீடுகளுக்குக் குழாய் வேலை செய்கிறவன். படகின் உள்கூரையைப் பார்த்துச் சிரித்தே விட்டான்.

"மாமா, வெளிய வர்ற இடத்தை அடைச்சா உள்ள வந்த தண்ணி எங்க போகும்? மேல எங்க நுழையுதுன்னு பாருங்க."

மேல்தளத்தில் ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்தார்கள். கைப்பிடிக் கம்பியின் அடித்தட்டு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதன் போல்ட் வழியே இறங்கிய தண்ணீர், உள்ளே ஆறடி நிதானமாக நடந்துபோய்த் தலையணையில் குதித்தது. கழற்றி, சுரண்டி, புதுப்பசை வைத்தார்கள்.

"இப்பவே இறுக்கி முறுக்காதீங்க. பசையெல்லாம் பிதுங்கிடும். ஒரு நாள் காயட்டும்" என்றான் மச்சினன். ஒரு நாள் ஒரு திருகாணியைத் தொடாமல் இருப்பதா? இருந்தார், பாவம்.

வெள்ளி மாலை முறுக்கிவிட்டு மறுபடி தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. கேப்டன் முகம் மட்டும், பேச்சுத்துணைக்கு இருந்தவர் ஊருக்குப் போய்விட்ட மாதிரி வாடிப்போனது.

சனிக்கிழமை. நல்ல வெயில், அளவான காற்று. தாயும் மகளும் மிதவைச் சட்டை மாட்டி ஏறி உட்கார்ந்தார்கள். கேப்டன் பாய்க்கயிற்றை இழுக்கும் உருளையை ஒரு சுற்றுச் சுற்றினார். கடகடவென்றது.

"ஒரு நிமிஷம்."

மூடியைத் திறந்தார். கொசு அளவு ஸ்பிரிங் ஒன்று துள்ளித் தண்ணீரில் விழுந்தது. அந்தப் படகிலிருந்து நாலு வருடத்தில் கடலுக்குப் போன முதல் ஆள் அதுதான்.

"கீழ உதிரி இன்னொண்ணு இருக்கு, தேடிடுறேன். இல்லேன்னா... நாளைக்குப் போலாமே?"

"நாளைக்கு நான் ஆகாயத்துல இருப்பேன்பா."

அதற்குள் கேப்டன் பொந்துக்குள் போயிருந்தார். மனைவி அந்தக் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"அந்தப் பக்க உருளை நல்லாத்தானே இருக்கு?"

"அது போதும்மா."

"அப்ப துறையில கட்டின கயித்தை அவுடி."

கேப்டன் பல்லிடுக்கில் ஸ்பிரிங்கோடு தலையை நீட்டியபோது முன்புறப் பாய் உப்பியிருந்தது. துறை ஐம்பதடி பின்னால் நின்றது.

"யாரு... யாரு அவுத்தது?"

"நாந்தான் அவுக்கச் சொன்னேன். திட்டணும்னா சுக்கானைப் பிடிச்சுக்கிட்டே திட்டுங்க."

பிடித்தார். திட்டவில்லை. கலங்கரை விளக்கத்தை ஒரு முறை சுற்றினார்கள். மகள் கேட்காமலே இரண்டாம் முறை சுற்றினார். மூன்றாம் முறை சுக்கானைத் திருப்பியபோது மனைவி, "வீடு அந்தப் பக்கம்" என்றார். கேப்டன் காதில் விழவில்லை. மகள் அவர் தோளில் சாய்ந்திருந்தாள்.

படகே இல்லாத நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். வெள்ளையடித்து முடித்த பிறகு கூப்பிடலாம் என்று ஐந்து வருடமாக ஒருவரையும் வீட்டுக்கு அழைக்காதவர் யார்? கிளம்பும் நேரத்தில் ஜன்னல் கொக்கியைச் சரிசெய்ய உட்கார்ந்தவர் யார்? நான் பெயர் சொல்லப்போவதில்லை. கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். வாசலில் யாரோ செருப்பு மாட்டிக்கொண்டு ரொம்ப நேரமாக நிற்கிறார்கள்.