டெலஸ்கோப் பார்க்க வந்த சிதம்பரம் பார்ட்டி

விளம்பரம் போட்டுப் பதினோரு நாள் ஆகியும் இளவரசுவின் டெலஸ்கோப்பை வாங்க உருப்படியான ஆள் ஒருவரும் வரவில்லை. வந்த மூன்று பேரில் ஒருவர், இதில் செல்போனை மாட்டிக் காதுகுத்து வீடியோ எடுக்க முடியுமா என்று கேட்டார். இன்னொருவர் பதிலுக்கு இரண்டு வெள்ளாடு தருவதாகச் சொல்லி ஆடுகளின் படத்தையும் அனுப்பினார். மூன்றாமவர் எதிர்வீட்டு மாடி நன்றாகத் தெரியுமா என்று விசாரித்தார். இளவரசு அவரை பிளாக் செய்துவிட்டு, அன்று முழுக்க எதிர்வீட்டுக்காரர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டான்.

அவனுக்கு அதை விற்க மனசே இல்லை. சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சாம்பிள் சோதிக்கும் வேலை. பகலெல்லாம் குடுவையைப் பார்த்தவனுக்குச் சாயங்காலம் ஆனால் வானத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் சென்னையில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கி, ஆம்னி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கும் டிக்கெட் எடுத்துக் கொண்டுவந்தது. அடியில் எட்டு அங்குலக் குழியாடி, மேலே ஆள் நெஞ்சு உயரத்துக்கு ஒரு குழாய். தெருவில் பலர் அதை வெந்நீர் போடும் சோலார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

விற்கச் சொன்னது அக்கா தமிழ்ச்செல்வி. பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். தம்பிக்கு முப்பத்தாறு வயது ஆகிவிட்டதே என்ற கவலை அம்மா அமராவதியைவிட அவளுக்குத்தான் அதிகம். வரிசையாக மூன்று இடம் தட்டிப்போனது. விசாரித்ததில், பையன் ராத்திரியானால் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறானாம் என்று தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கல்யாணமா டெலஸ்கோப்பா என்று அக்கா ஒரு நாள் கேட்டாள். இளவரசு யோசிக்க எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்து அம்மா அழுதுவிட்டாள். அன்றைக்கே விளம்பரம் போட்டான்.

பன்னிரண்டாம் நாள் சிதம்பரத்திலிருந்து சபாபதி என்பவர் பேசினார். பெரிய மனிதர் குரல். கண்ணாடி எப்படி இருக்கிறது, எத்தனை வருடம் ஆகிறது என்று முறையாக ஆரம்பித்தார். பிறகு என்ன கம்பெனி, வேலை நிரந்தரமா என்று கேட்டார். வீடு சொந்தமா, வாடகையா என்று கேட்டார். ஆன்லைனில் ஃபிரிட்ஜ் வாங்கப்போய் ஒரு தடவை ஏமாந்துவிட்டதாகவும், அதனால் தப்பாக நினைக்க வேண்டாம் என்றும் சொன்னார். கடைசியில், டெலஸ்கோப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்படி கேட்டுக்கொண்டார்.

நியாயமான எச்சரிக்கைதான் என்று இளவரசு நினைத்தான். அக்காவிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த முருங்கைக்கீரையை அப்படியே வைத்துவிட்டாள்.

“கொழா வாங்கறவனுக்கு வீடு சொந்தமா வாடகையான்னு எதுக்குடா? அவுங்க பொண்ணு வீட்டுக்காரங்க. ஒன்ன பாக்கத்தான் வர்றாங்க.”

அப்படியெல்லாம் இருக்காது என்று இளவரசு சொல்லிப் பார்த்தான். நேராகக் கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று இப்படி ஒரு சாக்கை வைத்துக்கொண்டு வருகிற குடும்பங்கள் உண்டு என்று அக்கா அடித்துச் சொன்னாள். அவளுடைய நாத்தனாரையே பழைய கிரைண்டர் வாங்க வந்தவர்கள்தான் பெண் எடுத்தார்களாம். இதைக் கேட்டதும் அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

அதற்குப் பிறகு காரியம் இளவரசுவின் கையில் இல்லை.

போட்டோவை வீட்டில் எடுக்கக் கூடாது என்று ஆனது. ஷேர் ஆட்டோவில் டெலஸ்கோப்பைக் குறுக்காக ஏற்றி, இரண்டு பேர் மடியில் படுக்கவைத்து, மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனார்கள். மடி கொடுத்தவர்களில் ஒருவர் இறங்கும்வரை இதில் தண்ணீர் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். படம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் குழாய் பக்கத்தில் நின்றால் தம்பி குள்ளமாகத் தெரிகிறான் என்று அக்கா அதை வெட்டிவிட்டு, அவனை மட்டும் அனுப்பிவைத்தாள்.

பத்து நிமிடத்தில் சபாபதி போன் செய்தார்.

“தம்பி, படம் வந்துச்சி. நீங்க இருக்கீங்க, டெலஸ்கோப்பத்தான் காணோம்.”

இளவரசு அக்காவைப் பார்த்தான். அவர் சாக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார், வெட்கம் இருக்கும் இல்லையா என்று அக்கா வாயை மட்டும் அசைத்துச் சொன்னாள். நேரில் காட்டுவதாகச் சொல்லி இளவரசு சமாளித்தான். ஞாயிற்றுக்கிழமை திருவந்திபுரம் கோயிலுக்குக் குடும்பத்தோடு வருவதாகவும், முடித்துக்கொண்டு அப்படியே வீட்டுக்கு வந்து பார்ப்பதாகவும் அவர் சொன்னார். கோயிலுக்கு வருகிற மாதிரி வந்து மாப்பிள்ளை பார்ப்பதுதான் எங்கும் வழக்கம் என்று அக்கா சொன்னபோது, முதல்முறையாக இளவரசுவுக்கும் லேசாக நம்பிக்கை வந்தது. மறுநாள் கம்பெனியில் ஒரே சாம்பிளை இரண்டு தடவை சோதித்து, இரண்டு தடவையும் வேறு வேறு முடிவு எழுதினான்.

சனிக்கிழமை குழியாடியில் படிந்திருந்த தூசியைப் போக்கலாம் என்று அதைக் கழற்றினான். பதமான தண்ணீரில் தொடாமல் அலசி, துண்டு விரித்துக் காயவைத்துவிட்டுக் கடைக்குப் போனான். ஆடியைத் துணியால்கூட அழுத்தக் கூடாது, மேல் பூச்சு அவ்வளவு மெல்லியது. திரும்பி வந்தபோது அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு விபூதி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“வெள்ளி வெளக்குக்கு இதத்தான் போடுவேன். பாரு, எப்பிடி மின்னுது.”

மின்னத்தான் செய்தன, கீறல்கள். இளவரசு கொஞ்ச நேரம் மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தான். அப்புறம் வந்து ஆடியைத் திரும்ப மாட்டினான். பெண் வீட்டார் குழாய்க்குள் எட்டியா பார்க்கப்போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். அந்த நினைப்பு வந்த பிறகுதான், தானும் அக்கா கட்சிக்குப் போய்விட்டது அவனுக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வேன் வந்தது. சபாபதி, அவருடைய அக்கா தில்லையம்மாள், மகள் வெண்மதி என்று மூன்று பேர் இறங்கினார்கள். மூன்று பேர் நெற்றியிலும் கோயில் திருமண். வெண்மதிக்கு முப்பது வயது இருக்கும். சிதம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவளாம். உள்ளே வந்ததும் அவள் பார்வை கூடத்தின் மூலையில் நின்ற டெலஸ்கோப்புக்குப் போனது. கூச்சத்தில் என்னைப் பார்க்கவில்லை என்று இளவரசு புரிந்துகொண்டான்.

கேசரியும் பஜ்ஜியும் வந்தன. பழைய பொருள் வாங்கப் போன இடத்தில் இப்படி ஒரு உபசாரத்தைப் பார்த்ததே இல்லை என்று சபாபதி நெகிழ்ந்துபோனார். தில்லையம்மாள் மூன்றாவது பஜ்ஜியோடு அம்மாவிடம் பூர்வீகம் விசாரித்தாள். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை நோய் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார்கள். கீழ்வானத்தில் அரை நிலா, பகல் வெளிச்சத்தில் வெளுத்துப்போய் நின்றது. இளவரசு குழாயைத் திருப்பினான். இரண்டு வருடப் பழக்கம், ஒரே திருப்பில் நிலா வந்து விழுந்தது. இதைப் பார்த்த அக்கா பின்னால் நின்று இருமினாள். வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று காலையிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள்.

வெண்மதி குனிந்து கண்ணை வைத்தாள். ஃபோகஸ் திருகை அவளே மெதுவாகத் திருப்பிச் சரிசெய்துகொண்டாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் இளவரசுவுக்குத் தெரிந்த சந்தோஷம். முதல் தடவை நிலாவின் குழிகளைப் பார்த்த அன்று அவனுக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தக் குழிகள் நிழல் விழுகிற ஓரத்தில் ஏன் ஆழமாகத் தெரிகின்றன என்பதைச் சொல்ல நாக்கு துடித்தது.

“இதுல சனி கிரகத்தோட வளையம் பாத்திருக்கீங்களா?” என்று அவள் கேட்டாள்.

அவன் எத்தனையோ தடவை பார்த்திருந்தான். ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்கூடக் கலங்கியிருக்கிறான். அக்கா மறுபடியும் இருமினாள்.

“இல்லீங்க. எனக்கு இதுல எல்லாம் இன்ட்ரஸ்ட் கெடையாது.”

“அப்ப எதுக்கு வாங்குனீங்க?”

“ஆஃபர்ல வந்துச்சி.”

வெண்மதி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். சாயங்கால வேளையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, அம்மாவோடு உட்கார்ந்து சீரியல் பார்ப்பதாகச் சொன்னான். அக்காவின் இருமல் நின்றது. சொந்தப் பிள்ளையை யாருடையதோ என்று சொல்லிவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. போகட்டும், கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் இவளிடம் எல்லா உண்மையையும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

அவள் செல்போன் வெளிச்சத்தைக் குழாய்க்குள் அடித்துப் பார்த்தாள். கண்ணாடித் தொழில் தெரிந்தவள் ஆயிற்றே.

“ஆடிய யாரோ தேச்சிருக்காங்களே.”

“நான்தாம்மா,” என்றாள் அம்மா, பெருமையாக.

சபாபதியின் முகம் மாறியது. பார்வைக்குக் கெடுதல் இல்லை, கீறல் லேசானதுதான் என்று வெண்மதி சொன்னாலும், விலையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லும்படி அவர் தயக்கத்தோடு கேட்டார். பழசாகிவிட்டது, கீறலும் இருக்கிறது. இளவரசுவுக்குச் சத்தியமாக விலை மறந்துபோயிருந்தது.

“காசெல்லாம் வேணாம் சார். எடுத்துக்கிட்டுப் போங்க. எங்க இருந்தா என்னா, நம்ம வீட்லதான இருக்கப்போவுது.”

இந்தக் காலத்தில் ஆன்லைனில் இப்படி ஒரு மனிதரா என்று சபாபதி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவோ வற்புறுத்தியும் இளவரசு மசியவில்லை. பெண் வீட்டாரிடம் பேரம் பேசாத பிள்ளை என்று அக்கா பெருமையில் கண்ணைத் துடைத்தாள். இளவரசுவே குழாயைத் தோளில் சுமந்து இறக்கி, வேனின் பின்சீட்டில் போர்வை விரித்துப் படுக்கவைத்தான். கதவைச் சாத்தும் முன் ஒரு தடவை தடவிக்கொடுத்தான். வெண்மதி பின்சீட்டுக்கே போய், ஆடாமல் இருக்க அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சரியான கைக்குத்தான் போகிறது என்று அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

அப்போது தில்லையம்மாள் வேனிலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். வெற்றிலைப் பாக்கு, வாழைப்பழம், கோயில் பூ, அதன்மேல் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு நீளமான கவர். ஜாதகமாகத்தான் இருக்கும் என்று அக்கா தம்பியின் கையைக் கிள்ளினாள். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கினாள். இளவரசு தலையைக் குனிந்துகொண்டான்.

“அடுத்த மாசம் எங்க வெண்மதி கல்யாணம், குடும்பத்தோட அவசியம் வந்துடணும் தம்பி,” என்றாள் தில்லையம்மாள். “சீரியல் பாக்கற பையன்லாம் வேணாம், வானத்த பாக்கற பையன்தான் வேணும்னு மூணு வருசமா அடம்புடிச்சி, இப்பதான் திட்டக்குடியில ஒருத்தர் கெடச்சாரு.”